படத்தில் இல்லாத குடை

மாமனாருக்குப் பக்கவாதம் லேசாக வந்து போன பிறகு அவரைவிட நாங்கள்தான் அதிகம் பயந்துபோயிருந்தோம். இடது கால் கொஞ்சம் இழுத்தது, மற்றபடி ஆள் பழைய ஆள்தான். ஆனால் பேச்சில் ஒரு பெயர் தடுக்கினால் போதும், நானும் என் கணவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். அந்தப் பார்வை அவர் கண்ணில் படாமல் இருக்குமா?

ஜெயமங்கலத்தில் தனியாக இருந்தவரை ஓடைப்பட்டிக்கு எங்களோடு கூட்டி வந்திருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்து சாப்பிடும்போது, அவருக்குப் பிடித்த பழைய படம் ஒன்றைப் பற்றிச் சொன்னார்.

"அதுல ஒரு எடம் வரும் ஆத்தா. அந்தப் பொண்ணு மழையில பஸ்ஸ விட்டு எறங்கிப் போகும். கண்டக்டர் பின்னாலயே ஓடி வந்து குடைய நீட்டுவான். என்னோடது இல்லங்கும். இருக்கட்டும், மழை பெய்யுதுல்லம்பான். அம்புட்டுத்தான். ஆனா அதப் பாக்கணும்."

என் கணவர் அன்று சாயங்காலமே அந்தப் படத்தைக் காசு கட்டி டவுன்லோடு செய்து பெரிய டிவியில் போட்டார். படம் துடைத்து வைத்ததுபோல் பளிச்சென்று இருந்தது. மாமா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மழை வந்தது, பஸ் வந்தது, அந்தப் பெண் இறங்கினாள். அடுத்த நொடி அவள் வீட்டுக்குள் தலை துவட்டிக்கொண்டிருந்தாள்.

"இங்கன வரணுமே," என்றார்.

கணவர் பின்னால் ஓட்டிப் போட்டுக் காட்டினார். கண்டக்டரும் இல்லை, குடையும் இல்லை.

"வேற படமா இருக்கும்ப்பா."

மாமா படம் முடிவதற்கு முன்பே எழுந்து போய்விட்டார். கதவைச் சாத்தும்போது, "எனக்குத்தான் கலங்கிப் போச்சு போல," என்றது காதில் விழுந்தது.

அதன்பிறகு அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். எதையாவது ஆரம்பிப்பார், பாதியில் "சரி, விடு" என்பார். எனக்கு அதுதான் தாங்கவில்லை. அந்தப் படத்தை அவர் எங்கே பார்த்தார் என்று விசாரித்தேன். உத்தமபாளையத்தில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் அவருடைய சிநேகிதரும் அவரும் சேர்ந்து, தேனி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடையில் டிவிடி வாங்கினார்களாம். அது யாரிடம் இருக்கிறது என்று அவருக்கு நினைவில்லை. நினைவில்லை என்று சொல்லவே அவருக்குக் கூச்சமாக இருந்தது.

நான் சிநேகிதருக்குப் போன் போட்டேன்.

"பாய், அந்த டிவிடி உங்ககிட்ட இருக்கா?"

"இங்கனதான் கெடக்கு. எம்மவன் எல்லாத்தையும் தூக்கிப் போடச் சொன்னான், நான் கேக்கல. கொடுத்து விடவா?"

எங்கள் டிவியில் அந்தக் காலத்து பிளேயர் வயரைச் சொருக இடமே இல்லை என்றேன். "அப்ப வாத்தியாரக் கூட்டிக்கிட்டு வா," என்றார்.

மாமா முதலில் வர மறுத்தார். இல்லாததைத் தேடி எதற்குப் போக வேண்டும் என்றார். சிநேகிதரைப் பார்த்துவிட்டு வரலாம் என்று சொல்லித்தான் காரில் ஏற்றினோம்.

பாய் வீட்டம்மா சுக்குக் காபி கொடுத்தார்கள். டிவிடி வட்டத்தில் கீறல் இருந்தது. பாய் அதைத் தன் சட்டையில் துடைத்துப் போட்டார். நிறம் மங்கி, படம் இரண்டு இடத்தில் திக்கி நின்று நகர்ந்தது. மழைக் காட்சி வந்தபோது நான் திரையைப் பார்க்கவில்லை, மாமாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏய் பாய்! இந்தா ஓடி வாரான் பாரு!"

கண்டக்டர் குடையோடு ஓடி வந்தார். மாமா சொன்ன அதே வார்த்தைகள். என் கணவர் எழுந்து டிவி பக்கத்தில் போய் நின்றார். "டவுன்லோடுல இத வெட்டிட்டாங்கப்பா," என்றார். யார் வெட்டினார்கள், ஏன் வெட்டினார்கள் என்று எங்களுக்குத் தெரியவில்லை.

மாமா சிரித்தார். "கண்டக்டருக்குப் பெரிய மீசன்னு நெனச்சிருந்தேன். மழுமழுன்னுல்ல இருக்கான்!" தான் தப்பாக நினைத்திருந்ததைப் பயமில்லாமல் அவர் சொன்னது, படுத்து எழுந்த பிறகு அன்றுதான்.

கிளம்பும்போது கணவர், அந்தக் காட்சியைப் பென் டிரைவில் ஏற்றிக்கொள்ளலாமா என்று கேட்டார். பாய் ஒத்துக்கொண்டார். மாமாதான் வேண்டாம் என்றார். "இங்கனயே இருக்கட்டும்டா. பாக்கணும்னா வாரேன்."

நாங்கள் இப்போதும் படங்களை டவுன்லோடு செய்துதான் பார்க்கிறோம். டிவிடி பிளேயர் வாங்கவில்லை. ஆனால் அடுத்த வாரம் நான் தோட்டத்துக்குப் போயிருந்த நேரத்தில், பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு மாமா தனியாக பஸ் ஏறிவிட்டார். பதறிப்போய் உத்தமபாளையத்துக்குப் போன் போட்டேன்.

"வாத்தியார் வந்துட்டாக," என்றார் பாய். "படம் ஓடுது. அப்பறமா பேசு."