மெழுகுக்குள் வைத்த சந்தனம்

"ஆறப் போடுங்க, ஆறப் போடுங்க" என்று எல்லாரும் சொன்னார்கள். ஆற்றிக் குடிக்க என் கோபம் என்ன காப்பியா?

நான் மில்லில் பிட்டராக இருந்தவன். வீட்டுக்குப் பின்னால் மாட்டுக்கொட்டகையில் பாதியைத் தடுத்து ஒரு பழைய லேத்தைப் போட்டிருந்தேன். மில் சங்கு ஊதினால் உடம்பு தானாக எழுந்து ஓடும். அந்த ஓட்டத்தை நிறுத்த வேண்டும், அது ஒன்றுதான் ஆசை. அப்போது வால்பாறைப் பக்கம் ஒரு தோட்டத்தில் தேயிலை உருட்டும் மிஷின் ஆட்டம் கண்டு நின்றுபோனது. தண்டு உள்ளே சுழல்கிற வெண்கலக் குழலான புஷ்ஷை மாற்றி, அதன் துளையை மயிரிழை பிசகாமல் சீவித் தர வேண்டும். சீமையிலிருந்து சாமான் வரும்வரை பொறுக்க முடியாத துரை என்னை வரச்சொன்னார். இது கைகூடினால் அந்தத் தோட்டத்து வேலையெல்லாம் என் கொட்டகைக்குத்தான். மில்லிலிருந்து நின்றுகொண்டேன்.

அந்த ஒரு துளைக்கென்றே ரீமர் ஒன்று செய்தேன். துளைக்குள் சுழன்று உள்சுவரைச் சீவுகிற எஃகுக் கோல் அது. பல் பல்லாகத் தீட்டி முடித்தபோது வெயிலை நறுக்குவதுபோல் மின்னியது. ஆனால் தீட்டிய எஃகுக்கு ரோஷம் அதிகம். வெறுங்கையால் தொட்டால் போதும், விரல் ரேகை துருவாக எழும்பிவிடும். அதனால் இரும்புச் சட்டியில் தேன்மெழுகும் குங்கிலியமும் கொஞ்சம் விளக்கெண்ணெயும் உருக்கினேன். ரீமரை மண்ணெண்ணெயில் துடைத்து, ஈரம் பொட்டுக்கூட இல்லாமல் கணப்பில் காய்ச்சி, கம்பியில் தொங்கவிட்டு முக்கி எடுத்தேன்.

ஆயுத பூஜைக்கென்று கோபியிலிருந்து வந்திருந்த மச்சான், என் மனைவியின் அண்ணன், பக்கத்தில் குந்திக்கொண்டு பார்த்தார்.

"என்னங்க மாப்ள, பஜ்ஜி போடறீங்களா?"

"மேல தோல் பிடிச்சுக்குமுங்க மச்சான். வேணுங்கறப்போ கத்தியால கீறி உரிச்சுக்கலாம். அதுவரைக்கும் துரு அண்டாது."

"நல்லாருக்குதுங்க. வெண்டைக்காய் பஜ்ஜியாட்டமே இருக்குது."

சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறேன்.

பூஜையன்று தோட்டத்து ஏஜெண்டைப் பார்க்கப் பொள்ளாச்சி போக வேண்டியதாயிற்று. ரீமரை ஒரு பெட்டியில் வைத்து மூடி, பெட்டிமேல் பொட்டு வைத்தால் போதும், உள்ளே இருப்பதைத் தொட வேண்டாம் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். திரும்பி வந்து பெட்டியைத் திறந்து பார்த்தேன். மெழுகுத்தோல் மொழுமொழுவென்று இருந்தது. மூடிவிட்டேன்.

ஐப்பசி மழையில் மலை ஏறினேன். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் பஸ் முனக, மடியில் பெட்டியைக் கட்டிப் பிடித்திருந்தேன். பேக்டரியில் துரை நின்றார், ரைட்டர் நின்றார், தோட்டத்து பிட்டர் நின்றார். கத்தியால் கீறி மெழுகை உரித்தேன்.

சந்தன வாசம் வந்தது.

தேயிலை மணக்கும் அந்தக் கட்டடத்தில், கோயில் நடை திறந்ததுபோல் சந்தனம். தோட்டத்து பிட்டர் எட்டிப் பார்த்தார். "ரீமருக்குப் பொட்டு வச்சு சிங்காரிச்சிருக்கே!" என்றார். பொட்டுக்கு அடியில் துரு. தண்ணீரில் குழைத்த சந்தனமும் குங்குமமும் எஃகோடு ஒட்டி, மேலே காற்றுப் போகாத மூடி போட்டதுபோல் மெழுகு. உள்ளேயே ஊறி ஊறி, வெட்டும் பல்லை அம்மைத் தழும்பாகக் குழித்திருந்தது. அந்தப் பல் புஷ்ஷைக் கீறிக் கெடுக்கும். மறுபடி தீட்டினால் கோல் சிறுத்துவிடும், அளவு வராது. "முடியாதுங்க" என்று நானே என் வாயால் சொன்னேன். துரை வெளியே போனார். "சீமைச் சாமான் வரட்டும், நீங்க கிளம்பலாம்" என்றார் ரைட்டர்.

இறங்கினேன். வீட்டுக்குப் போகவில்லை. மெழுகில் முக்கியதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் ஒருத்தர்தான். அவிநாசி வழியாக நேரே கோபி. மச்சான் வயலில் மடை திருப்பிக்கொண்டிருந்தார்.

"இதை ஆருங்க உரிக்கச் சொன்னது?"

"சாமி காரியமுங்க மாப்ள. கோயிலுக்குள்ள நாமே சட்டையைக் கழட்டிப் போட்டுத்தானுங்க போறோம், அதுக்கு மட்டும் எதுக்குங்க சட்டை? அப்புறம் மறுக்கா நானே முக்கி வெச்சுப்போட்டேன். உங்களைவிடக் கெட்டியாவே முக்கினேனுங்க."

"ஈரத்தோட முக்கிப்போட்டீங்க!"

"சந்தனம் ஈரமில்லாம எப்படிங்க இருக்கும்?"

திட்ட வாயெடுத்தால் வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' ஒட்டிக்கொண்டு வருகிறது. "அறிவு இருக்குதுங்களா உங்களுக்கு?" இந்த ஊரில் பிறந்தவனுக்கு ஒழுங்காக ஒரு வசவுகூட வாய்க்காது.

அவர் ரீமரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "துருதானுங்களே? எங்க மம்பட்டிகூடத்தான் துருப்பிடிக்குது. நாலு கொத்துக் கொத்தினாப் பளபளன்னு ஆயிருது. இதையும் நாலு சுத்துச் சுத்திப் பாக்கறது!"

மண்ணை வெட்டும் இரும்புக்கும் மயிரிழையை அளக்கும் எஃகுக்கும் உள்ள தூரத்தை அந்த வரப்பில் நின்றுகொண்டு நான் யாருக்கு விளக்குவேன்? அவர் வயலில் நெல் பாலேறி நின்றது. அவருக்கு எதுவும் கெடவில்லை. கையிலிருந்ததைப் பிடுங்கிக்கொண்டு நடந்தேன். "வந்ததே வந்தீங்க, ஒரு வாய் சாப்புட்டுப்போட்டுப் போலாமுங்க" என்று பின்னாலேயே வந்தார். பசி குடலைக் கவ்வியது. நிற்கவில்லை.

மில்லில் மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். "வாங்க முதலாளி, மலையெறங்கிட்டீங்களா?" என்றார் மேஸ்திரி. சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். தலையைக் குனிந்துகொண்டு ஸ்பானரை எடுத்தேன்.

அந்த வாரமே மச்சான் பஸ்ஸில் ஒரு வாழைத்தார் கொடுத்தனுப்பினார். அறுக்கக் கூடாது என்றேன். சமையலறை விட்டத்தில் தொங்கியபடியே அது பழுத்தது. வீடு முழுக்கத் தித்திப்பாக மணத்தது. பிறகு கறுத்து ஒவ்வொன்றாகச் சொத்துச் சொத்தென்று விழுந்தது.

"பழம் என்னங்க பண்ணுச்சு உங்களை?" என்றாள் மனைவி, தரையைத் துடைத்துக்கொண்டே.

"நாளைக்கும் துடை" என்றேன்.