ஹுல்டா பிராட்டின் நீள மேசை

ஓஹையோவின் வடக்கே, ரயில் நின்று போகும் மில்பர்னில் ஹுல்டா பிராட் முப்பத்தோரு வருடம் சாப்பாட்டு விடுதி நடத்தினாள். கணவன் காய்ச்சலில் போனபோது அவளுக்கு மிஞ்சியது வீடு, ஒரு பெரிய அடுப்பு, நாற்பது பேர் உட்காரும் நீள மேசை. மர ஆலைக்காரர்களும் ரயில் பாதை ஆட்களும் அங்கேதான் சாப்பிட்டார்கள். பீப்பாய் செய்யும் அப்சலோமும் அப்படித்தான். அவன் கெண்டக்கியில் அடிமையாக இருந்து தப்பி வந்த கறுப்பினத்தவன் என்பது ஊருக்கே தெரியும். அவனோடு எப்படி ஒரே மேசையில் உட்காருவது என்று ஆரம்பத்தில் முனகியவர்களிடம் அவள், "இன்னொரு மேசை போட இடமும் இல்ல, பரிமாற எனக்கு மூணாவது கையும் இல்ல" என்று முடித்துவிட்டாள்.

வீட்டில் சட்டம் ஒன்றுதான். சாப்பிட்டு முடித்தவன் தன் தட்டைத் தானே சமையலறைத் தொட்டியில் கொண்டுபோய்ப் போட வேண்டும். ஆலை முதலாளி வந்தாலும் அதேதான்.

அடிமை ஒழிப்புக் கூட்டம் எதற்கும் அவள் போனவளில்லை. ஆனால் அடிமை எந்த மாநிலத்துக்குத் தப்பி ஓடினாலும் பிடித்துக் கொடுக்க வேண்டும், தடுப்பவருக்குச் சிறை என்று வாஷிங்டனில் போட்ட சட்டம், 1857 அக்டோபரில் ஒரு முற்பகல் அவள் வாசலுக்கே வந்தது. துணை மார்ஷல் என்ற அரசு அதிகாரி லாட் முன்னால் வந்தான். கைகள் கட்டப்பட்ட அப்சலோம் நடுவில். பின்னால், அவனுடைய எஜமானன் அனுப்பிய ஆள் கிரென்ஷா.

"ரெண்டு மணி ரயிலு வர்ற வரைக்கும் பூட்டுற அறை ஒண்ணு வேணும்மா" என்றான் லாட்.

"என் வீட்டுல எவனையும் பூட்டி வச்சதில்ல. பூட்டு எதுக்கு வாங்கணும்?"

"எடக்குப் பேசாத. தடுத்தா ஜெயிலு. அபராதத்துல இந்த வீடே போயிடும்."

இந்த வீடு போனால் ஹுல்டாவுக்குப் போக்கிடம் இல்லை. அப்சலோம் தலை நிமிராமல் நின்றான். அவன் உதடு கிழிந்திருந்தது.

"நான் எங்க தடுத்தேன்? பன்னெண்டு மணிக்குச் சாப்பாடு. வேணுமா, வேணாமா?"

காலையிலிருந்து ஊரில் ஒரு கடைக்காரனும் அவர்களுக்கு ரொட்டி விற்கவில்லை. பன்றிக்கறி போட்ட பீன்ஸ் வாசம் கூடம் முழுக்க நிறைந்திருந்தது. லாட் எச்சில் விழுங்கினான்.

மணி அடித்ததும் நாற்பது பேரும் வந்து பெஞ்சுகளில் நெருக்கி உட்கார்ந்தார்கள். "அவனும் இங்க சாப்பிடுறவன்தான். கையக் கட்டிக்கிட்டு எப்படிச் சாப்பிடுவான்?" என்றாள் ஹுல்டா. லாட் அத்தனை முகங்களையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் கட்டை அவிழ்த்தான். அப்சலோமின் பக்கத்தில் தானும் உட்காரப் போனான்.

கிரென்ஷா முகம் சிவந்தான். "இவன் பக்கத்துலயா சாப்பிடப் போறீர்? இத நான் கெண்டக்கியில போய்ச் சொன்னா உமக்கு ஒருத்தன் கை குடுக்க மாட்டான்!"

"அப்ப உங்க ரெண்டு பேருக்கும் வாசல் தாழ்வாரத்துல போடறேன்" என்றாள் ஹுல்டா. மாவுப் பீப்பாயைக் கவிழ்த்து வெள்ளைத் துணி விரித்தாள். கிரென்ஷா வாசல் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்தான். இதைத் தாண்டி எவன் போவான் என்ற நிம்மதி அவனுக்கு. சமையலறைக்குள் ஒருமுறையாவது கால் வைத்தவனுக்குத் தெரியும், அதற்கொரு பின்வாசல் இருக்கும் என்று. கிரென்ஷா தன் ஆயுளில் சமையலறைக்குள் போனதில்லை. லாட் மட்டும் ஜன்னல் வழியே ஒரு கண் வைத்திருந்தான். ஹுல்டா அடுப்பில் சுட்ட ஆப்பிள் பலகாரத்தைத் தட்டோடு கொண்டுவந்து, தன் அகன்ற முதுகால் அந்த ஜன்னலை அடைத்து நின்றாள். "இன்னொரு துண்டு வைக்கட்டுமா?"

உள்ளே பெஞ்சுகள் கரகரத்தன. எல்லோரும் தட்டோடு எழுந்தார்கள். அப்சலோமும் தன் தட்டை எடுத்தான்.

அவளுக்கு ஆஸ்மன் டீல் ஒருவனை நினைத்துத்தான் பயம். சட்டம்னா சட்டம்தான் என்று எட்டு வருடமாக அதே மேசையில் குத்திக் கத்துகிறவன் அவன். இப்போது ஒரு குரல் கொடுத்தால் போதும்.

டீல் சமையலறையிலிருந்து வெறும் சட்டையோடு வெளியே வந்தான். போகும்போது மேலே கோட் இருந்தது. தொப்பியையும் காணோம்.

மேசையில் அப்சலோமைக் காணாமல் லாட் உள்ளே பாய்ந்தான். "அவன் எங்கடா?"

"தட்டுப் போடப் போனான்" என்றான் டீல், சமையலறை வாசற்படியை அடைத்து நின்றபடி. "உம்ம தட்டு எங்க? ஹுல்டாக்கா திட்டும், போய் எடுத்துட்டு வாரும்."

மூன்றாம் நாள் அப்சலோம் ஏரி கடந்து கனடாவில் கால் வைத்தான்.

நீதிமன்றத்தில் ஹுல்டாவிடம் சட்டம் தெரியாதா என்று கேட்டார்கள். "தெரியுங்கய்யா. சாப்பிட்டவன் தட்டை எடுத்துப் போடணும். போட்டான். அதுக்கப்புறம் எங்க போறேன்னு யாரையும் கேக்கற வழக்கம் எனக்கில்ல." இருபத்தாறு நாள் உள்ளே இருந்தாள். அபராதத்துக்காக வீட்டின் மேல் மாடியை விற்றாள். தெற்கத்திய பத்திரிகைகள் மில்பர்னைத் திருடர் கூடு என்றன. வடக்கே அதுவரை வாய் திறக்காதவர்கள்கூட அதைப் படித்துக் கொதித்தார்கள். இப்படி எத்தனையோ ஊர்களில், எத்தனையோ வாசல்களில். நாலே வருடத்தில் வடக்கும் தெற்கும் துப்பாக்கி எடுத்தன.

படையில் பெயர் கொடுத்துவிட்டு டீலும் இன்னும் பத்துப் பேரும் இரவுச் சாப்பாட்டுக்கு வந்தார்கள். ஹுல்டா போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. கறியை மட்டும் கூடப் போட்டாள். மறுநாள் விடியலில் பதினொரு ஆளுக்குக் குறைத்து மாவு பிசைந்தாள்.