மிதிபடக் கூடாத மண்

யோகேந்திராவுக்கு இருந்த ஒரே பெருமை அவன் வீட்டு மாமரம்தான். பிஜித் தீவின் லவுத்தோக்கா ஊரில் அந்தத் தெருவிலேயே பெரிய நிழல் அதுதான். அதனால் யார் வெளிநாடு கிளம்பினாலும் வழியனுப்பு விருந்து அங்கேதான். கார்களும் வேன்களும் அடிமரம் வரை வந்து நிற்கும். பாய் விரித்து, போதை தரும் யங்கோனா வேர்ப்பொடியைக் கரைத்துக் குடித்து, ஆடித் தீர்ப்பார்கள். எண்பத்தேழில் ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்து, இந்திய வம்சாவளியினர் ஊரைவிட்டுக் கிளம்பியபோது ஆரம்பித்த வழக்கம் அது. இரண்டாயிரத்தில் மறுபடி கவிழ்ந்ததும் ஓயாத விருந்தாகிவிட்டது. யோகேந்திராவுக்கு மட்டும், குடியேற விண்ணப்பித்த ஒவ்வொரு முறையும், நியூசிலாந்து "பாயிண்ட் பத்தல" என்று கைவிரித்தது.

இந்த வருஷம் மரம் உச்சியிலிருந்து காய ஆரம்பித்தது. கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாதே! எலுமிச்சையும் மிளகாயும் கோத்துக் கிளையில் கட்டினான்.

மனைவி உர்மிளா சிரித்தாள். "ஊர விட்டுப் போறவங்க நம்ம மரத்துமேல ஏன் கண்ணு வைக்கிறாங்க? கண்ணு வைக்கிறது நீங்கதான். மண்ணப் பாருங்க, காரும் காலும் மிதிச்சு மிதிச்சு சிமெண்டு மாதிரி கெடக்கு."

ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிக் காட்டினாள். ஒரு சொட்டு இறங்கவில்லை, அத்தனையும் ரோட்டுக்கு ஓடியது.

மண்ணை நனையவிட்டு, மறுநாள் கடப்பாரையை எடுத்தான். மண்வெட்டி போட்டால் வேர் அறுந்துவிடும். கிளை நுனிக்கு நேர்கீழே தொடங்கி, உள்பக்கமாக முழத்துக்கு ஒரு குழி குத்தினான். வேரில் இடித்தால் கம்பியை உருவித் தள்ளிக் குத்தினான். குழிகளில் மக்கிய எருவை நிரப்பி, மேலே சருகு பரப்பினான்.

அந்த வாரம்தான் ஷைலேந்திராவுக்கு விசா வந்தது. ஒரே பெஞ்சில் படித்தவன், ஒரே கராஜில் வேலை செய்பவன். அவனுக்கு ஸ்பேனர் பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததே யோகேந்திராதான். வயிறு பற்றி எரிந்தது.

"சனிக்கிழம விருந்து. உன் மரத்தடியிலதான்டா" என்றான் ஷைலேந்திரா.

"முடியாது. மண்ணு மிதிபடக் கூடாது, மரம் செத்துரும்."

சொன்னது பொய்யில்லை. ஆனால் சொல்லும்போது வந்த சந்தோஷம் மரத்துக்காக வந்ததல்ல.

விருந்து கோயில் மண்டபத்தில் நடந்தது. யோகேந்திரா தலைவலி என்று படுத்துக்கொண்டான்.

ஷைலேந்திரா விமானம் ஏறும் நாள், நாண்டி விமான நிலையத்துக்குப் போகிற கார் வாசலில் நின்றது. உள்ளே வராமல் ரோட்டிலேயே நின்றது. ஷைலேந்திரா இறங்கி, புது ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, குழிகளை ஒதுக்கி ஒதுக்கிப் பூனை மாதிரி நடந்து வந்தான்.

"என்னடா இது?"

"மிதிபடக் கூடாதுன்னு நீதானே சொன்ன?"

பாவி, நம்பியிருக்கிறான்! யோகேந்திரா அவனை இறுகக் கட்டிக்கொண்டான்.

ஷைலேந்திரா வந்த மாதிரியே வெறுங்காலோடு திரும்பி நடந்தான். கார் போய்விட்டது. சருகு விலகிய இடங்களில், இளகிய மண்ணில் ரோட்டைப் பார்த்தபடி வெறுங்கால் தடங்கள் பதிந்திருந்தன. போகிற அந்தக் கால்கள் மேலும் அவனுக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. சருகைத் தள்ளி அவற்றை மூடத்தான் கை வரவில்லை.