கரண்டி பிடிக்க இடுப்பளவு கேட்கிறார்கள்

கேன்டீன் வேலையில் பசியோடு வருகிறவனைச் சமாளித்துவிடலாம்; சாப்பிட்டு முடித்தும் வாய் ஓயாதவனைத்தான் சமாளிக்க முடியாது. கரண்டி பிடிக்கிற தோழர்களே, உங்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். சங்கம் கட்டியதற்காக வேலையை விட்டு அனுப்பப்பட்டவன் நான். துண்டறிக்கைகளைப் படித்ததும் எழுதியதும்தான் என் படிப்பு. இப்போது ஒரகடத்தில் ஒரு கம்பெனி கேன்டீனில் சோறு வடிக்கிறேன். குழம்பு வைத்து, கவுன்டரில் நின்று ஊற்றுவது தேவகி.

தொப்பைக்கு இரண்டு நியாயம்

சாப்பாட்டுக் கூடத்து டிவியில் மதியம் சமையல் நிகழ்ச்சி ஓடும். ஒருநாள் வந்த ஆண் சமையல்காரருக்கு ஏப்ரனைக் கட்டக் கயிறு பத்தவில்லை. "ஆளப் பாத்தாலே கைமணம் தெரியுது" என்று கூடத்தில் சாப்பிட்டவர்கள் மெச்சினார்கள். மறுநாள் ஒரு அம்மா வந்தார். முந்தின நாள் வந்தவருடைய பருமனில் பாதிகூட இல்லை. கூடமே சிரித்தது.

சில மாதம் கழித்து அந்த அம்மா இளைத்து வந்தார். இனியாவது வாயை மூடுவார்கள் என்று நினைத்தேன். கம்பெனியில் பெயின்ட் அடிக்கும் பிரிவான பெயின்ட் ஷாப்பைச் சேர்ந்த மாரி மோரை ஊற்றிக்கொண்டே சொன்னான்: "இன்னாண்ணே, அது ஆக்குனத அதுவே சாப்புடல போலகீது."

ரோஜாப்பூ முகங்கள்

தேவகி ஞாயிற்றுக்கிழமைகளில் சுங்குவார்சத்திரத்தில் தன் வீட்டு மொட்டைமாடியில் சமைத்து வீடியோ போடுவாள். கருவாட்டுக் குழம்பு வீடியோ எங்கெங்கோ பரவியது. பஸ் ஸ்டாப்பில் அவளோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். வீடியோவுக்குக் கீழே எழுதியிருந்ததைப் படித்தேன். குழம்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 'அடுப்பு தெரியல, கொஞ்சம் நகரும்மா' என்கிறான் ஒருவன். 'இதில் சட்டி எது?' என்கிறான் இன்னொருவன். எல்லாம் சொந்த முகத்தைக் காட்டத் துணிவில்லாமல் ரோஜாப்பூ படம் வைத்திருக்கிற வீரர்கள்.

உழைக்கும் பெண்ணின் உடம்பு உனக்குப் பொழுதுபோக்கா என்று நீண்ட பதில் எழுதினேன். தேவகி வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமல் சொன்னாள்: "அண்ணே, அதுக்குக் கீழ ஒருத்தன் 'இவர்தான் புருஷனா'ன்னு கேட்டுகினு கீறான், பாத்தீங்களா?"

விருந்தினர் வருகிறார்கள்

கம்பெனியைப் பார்க்க வெளிநாட்டுக்காரர்கள் வருவதாகத் தகவல் வந்தது. கேன்டீன் மேனேஜர் தேவகியிடம் அந்தக் கமென்ட்டுகளைப் போனில் காட்டினார். "நான் சொல்லலம்மா, ஜனங்களே சொல்றாங்க. ஆக்கி வெச்சிட்டுப் பின்னால பாத்திரம் கழுவுற எடத்துல நில்லு. அடுத்த மாசம் வேணுமா வேணாமான்னு பாக்கலாம்." அந்த வாக்கியத்தின் கடைசியில் வேலை போகும் வாசல் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்; அந்த வாசல் வழியாக வந்தவன் நான்.

எனக்குத் தெரிந்த ஆயுதம் சாப்பாட்டுப் புறக்கணிப்பு. தட்டைத் தொடாமல் ஒரு ஷிஃப்ட் எழுந்து போனால் எந்த நிர்வாகமும் நடுங்கும். மேசை மேசையாகப் பேசி எல்லோரையும் சம்மதிக்க வைத்துவிட்டு, தேவகியிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்: "நான் ஆக்குன சோத்த ஒருத்தரும் தொடலன்னா, என் மூஞ்சிக்காகத்தான் தொடலன்னு அந்தாளு சொல்ல மாட்டானா? சாப்புடச் சொல்லுங்கண்ணே, ஆனா என் கையால வாங்கிச் சாப்புடச் சொல்லுங்க."

பின்வாசல் வரிசை

விருந்தினர் வந்த அன்று கவுன்டரில் தேவகி நிற்கிற இடத்தில் புதுச்சட்டை போட்ட ஒருவர் கரண்டியோடு தனியாக நின்றார். ஷிஃப்ட் மொத்தமும் சோற்றுத் தட்டோடு கட்டடத்தைச் சுற்றிப் பின்வாசலுக்குப் போனது. பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில் நின்று தேவகி இன்னொரு குண்டானிலிருந்து குழம்பு ஊற்றினாள். இது என்ன வரிசை என்று விருந்தினர் கேட்க, மேனேஜர் ஓடி வந்தார். சாப்பாட்டு நேரம் முடிந்துகொண்டிருந்தது. வரிசை பாதிகூட நகரவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் போனால் உற்பத்தி லைன் நின்றுவிடும்.

"சரிம்மா, கவுன்டருக்கே வா, அடுத்த மாசமும் நீதான்" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிக்கொண்டே அவர் குண்டானுக்கு முன்னால் வந்து நின்றார். அப்போது வரிசையின் முதல் ஆள் பெயின்ட் ஷாப் மாரி. தட்டை நீட்டியபடியே சொன்னான்: "சார், கொழம்பு தெரியல, கொஞ்சம் நகருங்க."

மறுநாளே டிவியில் வேறொரு சமையல்கார அம்மாவைப் பார்த்து அதே மாரி பழையபடி வாயைத் திறந்தான் என்பதால், நிர்வாகத்தைப் பணிய வைப்பதுதான் நம் வேலையில் சுலபமான பாதி என்று இத்தனை வருடப் போராட்டத்துக்குப் பிறகு எழுதி வைக்கிறேன்.