பகலிலும் எரியும் விளக்கு

எங்கள் ஐஸ் பேக்டரிக்குக் கீழே இருக்கும் கடைசி வீட்டில் அடுப்படி விளக்கு பகலிலும் எரிகிறது. “பணம் கொழுத்துப்போச்சு போல” என்று போகிறவர்கள் வருகிறவர்கள் பேசுகிறார்கள். பேசட்டும். ராத்திரி ஷிப்டில் வேலை பார்க்கிற எனக்கு மட்டும்தான் விஷயம் தெரியும். சொல்லாமல் இருந்தால் எனக்கு மண்டை வெடித்துவிடும்.

அந்த வீட்டுக்காரருக்கு உம்மணா என்று பெயர். உம்மணாமூஞ்சி என்று யாரோ வைத்தது, கூப்பிடக் கூப்பிடத் தேய்ந்துவிட்டது. மனுஷர் கெட்டவர் இல்லை. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருப்பார், அவ்வளவுதான். நான் அண்ணே அண்ணே என்று தொண்டை வறளப் பேசினால் “ம்” என்று ஒன்று வரும்.

சிங்கி இறால் பிடிப்பதுதான் அவர் தொழில். சின்னப் படகு, அதில் அவர் ஒருவர். கரைக்கு எதிரே ஒரு பாறை வரிசை உண்டு. அதற்கு வெளியே கடலடியில் கூடுகளை இறக்கி வைத்திருப்பார். பகலெல்லாம் பொந்துக்குள் கிடக்கிற இறால் இருட்டின பிறகுதான் இரை தேடி வரும். அதனால் இவரும் இருட்டில்தான் போவார். விடிவதற்கு முன்னால் வியாபாரியின் வேன் வந்துவிடும். உயிரோடு இருந்தால்தான் எடுப்பான்.

ஒருமுறை என் லீவு நாளில் நானும் கூடப் போனேன். கூட்டில் இரைக்கு வைத்த அழுகல் மீனின் வாடை குடலைப் பிடுங்கியது. அவர் கயிற்றை இழுத்துக் கூட்டைத் தூக்கினார். இறாலை முதுகில் பிடித்து, டார்ச் வெளிச்சத்தில் திருப்பி வயிற்றைப் பார்த்தார். முட்டை ஒட்டியிருந்தால் கடலிலேயே விட்டுவிட வேண்டும். அப்படி ஒன்றை விடும்போது, “புள்ளத்தாச்சி, இந்த நேரத்துல எங்க சுத்துற? வீட்டுக்குப் போம்மா” என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இன்னொன்றைக் கையில் எடுத்து, “மீசை ஒடிஞ்சிருச்சே, யாரோட சண்டை?” என்று குசலம் விசாரித்தார். நான் பக்கத்தில் இருப்பதே அவருக்கு மறந்துவிட்டது. ஒரு ராத்திரி தவறாமல் இப்படித்தான் தனியாகப் பேசிக்கொண்டிருப்பார் போல.

திரும்பும்போது வழியைக் காட்டினார். பாறை வரிசையில் ஒரே ஒரு இடத்தில் படகு நுழைகிற அளவுக்கு இடைவெளி இருக்கிறது. இருட்டில் அது கண்ணுக்குத் தெரியாது. மேட்டில் எங்கள் பேக்டரி வாசல் விளக்கு, அதற்குக் கீழே அவர் வீட்டு அடுப்படி விளக்கு. இரண்டும் ஒன்றின் தலைமேல் ஒன்றாக நிற்கும்படி வைத்துக்கொண்டு வந்தால் உள்ளே வந்துவிடலாம். கொஞ்சம் விலகினாலும் படகு தூள்தான்.

“அண்ணிக்கு இது தெரியுமாண்ணே?” என்று கேட்டேன்.

“எதுக்கு?” என்றார்.

அண்ணி விளக்கைப் போட்டது வழிகாட்ட இல்லை. படகு வருகிற வரை அவருக்குத் தூக்கம் வராது. அடுப்படியில் உட்கார்ந்து எதையாவது தைத்துக்கொண்டிருப்பார். மோட்டார் சத்தம் கேட்டதும் டீக்குத் தண்ணீர் வைப்பார். இவர் வந்து குடித்துவிட்டுப் படுத்துவிடுவார். கல்யாணம் ஆன நாளிலிருந்து இதுதான் குடித்தனம்.

போன வருஷம் மகளின் பிரசவத்துக்குப் போன அண்ணி திரும்பி வரவில்லை. சண்டை சச்சரவு ஒன்றும் இல்லை. “வான்னு ஒரு வார்த்தை சொல்லட்டுமே, அடுத்த பஸ்ஸுல வரேன்” என்று போனில் என்னிடம் சொன்னார். நான் அதை இவரிடம் போய்ச் சொன்னேன். “ம்” என்றார். அதற்குப் பிறகு விளக்கைத் தானே போட்டுவிட்டுப் படகெடுத்தார்.

அப்படி இருக்கையில் ஒரு நாள் ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால், கரையில் படகைக் காணோம். வேன் வந்து காத்திருந்துவிட்டுப் போயிருந்தது. கரைக்கு ஓடினேன். நன்றாக வெளுத்த பிறகுதான் படகு பாறைக்கு இந்தப் பக்கம் வந்தது. தொப்பலாக நனைந்திருந்தார். விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தார், நானும் பின்னாலேயே போனேன்.

அடுப்படியில் அண்ணி நின்றுகொண்டிருந்தார். மூலையில், போகும்போது கொண்டுபோன அதே பெரிய பை, பிரிக்காமல் இருந்தது.

“ராத்திரி லைட்ட அணைச்சது யாரு?” இத்தனை நாள் கழித்துப் பெண்டாட்டியைப் பார்த்ததும் மனுஷர் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

“நான்தான். கடைசி பஸ்ஸுல வந்தேன். ஆளில்லாத வீட்டுல தண்டத்துக்கு எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு, அணைச்சுட்டுப் படுத்துட்டேன்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “முன்ன மாதிரி முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்கறதெல்லாம் விட்டுப்போச்சு” என்றார்.

“அந்த லைட்டப் பாத்துத்தான் நான் உள்ள வரணும். விடியற வரைக்கும் பாறைக்கு வெளியவே கிடந்தேன்.”

அண்ணி டீக்கு வைத்த அடுப்பை அணைத்தார். “இத்தனை வருஷமாவா?”

“ம்.”

“ஒரு தடவகூட எங்கிட்டச் சொன்னதில்லையே.” அவருக்கு நேராக வந்து நின்றார். “சரி, இப்பக் கேக்கறேன். உங்களுக்கு நான் வேணுமா, லைட்டு வேணுமா?”

நான் வாசலில் நின்று பல்லைக் கடித்தேன். சொல்லித் தொலையுமய்யா! அந்தப் புள்ளத்தாச்சி இறாலிடம் பேசினதில் பாதியைப் பேசினால் போதும். அவர் வாயைத் திறந்தார். வார்த்தை வாய்வரைக்கும் வந்ததை நான் பார்த்தேன்.

“லைட்டு எரிஞ்சாப் போதும்” என்றார்.

கோபத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணி அழவில்லை. இறால் முள் குத்தினால் ஒட்ட அலமாரியில் வைத்திருந்த பிளாஸ்திரியை எடுத்தார். அடுப்படி விளக்கைப் போட்டு, சுவிட்சின் மேல் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி, கட்டைவிரலால் அழுத்திவிட்டார். “இனிமே யாரும் அணைக்க முடியாது” என்றார். பையை எடுத்துக்கொண்டார்.

நான்தான் பையை வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை போனேன். பஸ் கிளம்புகிற வரைக்கும் அண்ணி தெருக்கோடியையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் வரவில்லை.

அதற்கப்புறம் அந்த விளக்கு அணையவே இல்லை. போன வாரம் நட்ட நடுப்பகலில் அங்கே போயிருந்தேன். பிளாஸ்திரி ஓரமெல்லாம் அழுக்கேறிச் சுருண்டிருந்தது. பகல்லகூட எதுக்குண்ணே என்று சொல்லிக்கொண்டே அதை உரிக்கப் போனேன். படுத்திருந்தவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தொடாத. அவ ஒட்டிட்டுப் போனது” என்றார்.