ஆலை மூடியிருந்த நாளுக்கும் ஒரு டிக்

கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் நான் ஷிப்ட் சூப்பர்வைசர். பொய் டிக்கைக் கண்டுபிடிப்பதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. தினமும் ஏறிப் பார்க்க வேண்டிய கிரேனைப் பார்க்காமலே, ஒரு வாரத்துக்கும் சேர்த்து செக்லிஸ்ட்டில் ஒரே மூச்சில் போட்ட டிக்குகள் ஒரே பேனாவில், ஒரே சாய்வில் இருக்கும்.

போன வருடம் எங்கள் கிரேன் ஆபரேட்டர் அப்படித்தான் மாட்டினார். கரண்ட் இல்லாமல் ஆலையே மூடிக் கிடந்த நாளுக்கும் ரோப் சரி, பிரேக் சரி என்று டிக் போட்டிருந்தார். கேட்டதும் மழுப்பவில்லை.

“பாக்காமதான் போட்டுக்கினேன் சார். தப்புதான்.”

நான் இளகவில்லை. “ஒருநாள் பாக்கலேன்னா ரோப் அறுந்துடாது. அந்த தைரியத்துலதான் மறுநாளும் விட்டுடுறீங்க” என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லி, மெமோ கொடுத்தேன். மூன்று நாள் சஸ்பென்ஷன். அந்த ஞாயிற்றுக்கிழமை வேப்பம்பட்டில் எங்கள் சபையில் இருவரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து பாடினோம். ஆலையில் நான் அவருக்கு சார். சபையில் பிரதர்.

சபையில் வருடா வருடம் வேத வாசிப்பு அட்டை கொடுப்பார்கள். தினம் மூன்று அதிகாரம், படித்ததும் ஒரு டிக். முழுதாக நிரப்பியவர்களுக்கு மேடையில் பரிசு. நானும் ஆர்வமாகத்தான் தொடங்கினேன். வம்ச அட்டவணைகள் வந்த இடத்தில் தூக்கம் வந்தது. அப்புறம் ஓவர்டைம் வந்தது. டிசம்பரில் ஒரு சாயங்காலம், காபி ஆறுவதற்குள் மிச்ச மாதங்களை எல்லாம் முடித்துவிட்டேன்.

அட்டையை என் மனைவி வாங்கிப் பார்த்தாள்.

“பைபிளை ஆரணில எங்கம்மா ஊட்ல மறந்து வெச்சுட்டு வந்தமே, ரெண்டு மாசம். அப்போ இன்னாத்த படிச்சீங்கோ?”

“போன்ல.”

“போன்ல எடமில்லன்னு அந்த ஆப்பை நீங்கதானே தூக்கினீங்கோ?”

அட்டையை என் சட்டைப் பையில் செருகிவிட்டு உள்ளே போனாள். திட்டியிருந்தால் தேவலை.

ஞாயிற்றுக்கிழமை பரிசைக் கையில் கொடுத்த பாஸ்டர், தினமும் வேதம் வாசிப்பது ஏன் அவசியம் என்று சாட்சி சொல்லச் சொல்லி மைக்கையும் கொடுத்தார். பெண்கள் பக்கம் பார்த்தேன். என் மனைவி குனிந்த தலை நிமிரவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. “பாதிக்கு மேல படிக்காமலே டிக் போட்டேன். ஒருநாள் படிக்கலேன்னா ஒண்ணும் ஆயிடல. அந்த தைரியத்துலதான் வருஷத்தையே விட்டுட்டேன். மன்னிச்சுடுங்க” என்று சொல்லி, பரிசை மேசையில் வைத்தேன்.

இறங்கிப் போக விட்டால்தானே. “அல்லேலூயா!” என்று சபையே கை தட்டியது. பாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இதுதான் தாழ்மை என்று சொல்லிப் பரிசை மறுபடியும் என் கையில் திணித்தார். படித்துவிட்டுப் பரிசு வாங்கிய மூன்று பேருக்கு இந்தக் கைதட்டலில் பாதிகூடக் கிடைக்கவில்லை. எனக்கு நெஞ்சு நிறைந்து போனது, பொய் சொல்வானேன்.

வெளியே செருப்பு மாட்டும்போது கிரேன் ஆபரேட்டர் பக்கத்தில் வந்து நின்றார். முகத்தில் கோபம் இல்லை. தெரியாத ஒன்றைக் கேட்கிறவர் போலத்தான் கேட்டார்.

“நீங்க ஒத்துக்கினதும் எல்லாரும் கை தட்னாங்கோ. நான் ஒத்துக்கினப்போ மெமோ குடுத்தீங்களே, சார்?”

சபை வாசலில் அவர் என்னை சார் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.