கமலவேணி கழுவிய எட்டுக் குழாய்கள்

கணவர் இறந்த மறுவருடம், 1974இல், ஆம்பூர் கமலவேணி வேலூரில் எங்கள் வைரஸ் ஆய்வுக்கூடத்துக்குக் கண்ணாடிக் குழாய் கழுவ வந்தார். அந்தச் சம்பளத்தில்தான் அவருடைய இரண்டு பெண்களும் படித்தார்கள். ஒவ்வொரு குழாயையும் பன்னிரண்டு தண்ணீர் அலசுவார். நடுவில் யாராவது பேசிவிட்டால், மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவார்.

1983இல், நான் வேலைக்குச் சேர்ந்த நான்காம் மாதம், அவர் வேலைக்கு உலை வைத்தேன்.

எட்டுக் குழாய்களில் குரங்குச் செல்கள் வளர்த்திருந்தோம். நான்கில் மணல்வாரி அம்மை கண்ட ஒரு குழந்தையின் தொண்டைச் சளியை விட்டோம். மற்ற நான்கில் எதுவும் விடவில்லை. அவை ஒப்பிட்டுப் பார்க்க. ஆறாம் நாள் சளி விட்ட குழாய்களில் செல்கள் திட்டுத்திட்டாகக் குழம்பிக் கிடந்தன. 'சரியாகக் கழுவவில்லை, சோப்பு தங்கிவிட்டது' என்று பதிவேட்டில் எழுதினேன்.

அவர்மேல் நான் எழுதிய மூன்றாவது புகார் அது. தலைவர் ராமமூர்த்தி நீக்கக் கடிதத்தை டைப் செய்யச் சொல்லிவிட்டார்.

கமலவேணி ஈரக் கையோடு வந்து நின்றார்.

"இன்னா தம்பி எழுதி வெச்ச? நாளையிலர்ந்து வரவேணாம்றாங்க."

"செல்லெல்லாம் கெட்டுப்போச்சுக்கா."

"எட்டும் ஒரே தொட்டியில கழுவினது. எட்டும் கெட்டுச்சா?"

நான் பதிவேட்டைப் புரட்டினேன்.

"மீதி நாலைப் பாத்தியா, இல்லியா? பி.எஸ்.சி. கண்ணுக்கு நாலுதான் தெரியுமா?"

பார்க்கவில்லை. தோல் பதனிடும் ஷாப்பில் தோல் கறைபட்டால் முதலில் என் அப்பாவைத்தான் திட்டுவார்கள். அவர் தோல் அலசுகிறவர். அவர் மகன் நான், கழுவுகிறவரைக் காரணமாக்கியதும் தேடலை ஏன் நிறுத்தினேன்?

அடுத்த அறையில் டைப்ரைட்டர் தட்டிக்கொண்டிருந்தது. நான்கு குழாய்களையும் ஒவ்வொன்றாக மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். தளக்கல் பதித்ததுபோல் செல்கள் ஒழுங்காக இருந்தன. சளி விட்ட குழாயை மறுபடி பார்த்தேன். சோப்பு பட்ட செல் சுருங்கி உதிர்ந்துவிடும். இங்கே எதுவும் உதிரவில்லை. செல்களுக்கு இடையில் எல்லையே இல்லை. ஒரே பெரிய செல்லுக்குள் முப்பது உட்கருக்கள்.

வைரஸின் வேலை. அதன் உறையில் இரண்டு புரதங்கள் உண்டு. ஒன்று செல்லைப் பற்றிக்கொள்ளும். மற்றது தன் முனையைச் செல்லின் சவ்வுக்குள் செருகி, வைரஸின் உறையையும் அந்தச் சவ்வையும் ஒட்ட இழுத்து ஒன்றாக்கும். வைரஸ் உள்ளே போனபின் அந்தச் செல்லின் மேலும் அதே புரதங்கள் முளைக்கும். அப்போது அந்தச் செல்லே பக்கத்துச் செல்லைப் பற்றித் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். பரீட்சையில் இதைப் பக்கம் பக்கமாக எழுதியவன் நான்.

டைப்ரைட்டர் நின்றது. ஓடினேன்.

"சார், கையெழுத்து போடாதீங்க. கழுவினதுல தப்பில்ல. அது வைரஸ். சளி விடாத குழாயைப் பாக்காமலே எழுதிட்டேன்."

"முன்னாடி ரெண்டு புகாரு?"

"அதுலயும் பாக்கல சார்."

ராமமூர்த்தி வந்து வெகுநேரம் குனிந்து பார்த்தார். பிறகு பதிவேட்டை என் பக்கம் தள்ளினார். "மூணையும் அடிச்சுட்டு, யார் தப்புன்னு பேர் போட்டு எழுது."

எழுதினேன். அவர் கடிதத்தைக் கிழித்துப் போட்டார்.

கமலவேணி என்னைப் பார்க்காமல் பையை எடுத்தார்.

"நோய் இருக்கற நாலு ட்யூபையும் நல்லா வேகவெச்சு வை. வேகாம தொட்டில போட்டா நான் கை வெக்க மாட்டேன்" என்றார்.